தோட்டத்தின் பெயர்

வைனைச் சுவைப்பதற்கு முன்பே வைன் போத்தலின் முகப்புத்தாளை வாசிக்கக் கற்றுக்கொண்டேன். 2023 மார்ச், ஏப்ரல் மாதங்களில் தாஸ்மேனியாவின் கோல் ரிவர் பள்ளத்தாக்கில் ஒரு சின்ன வைன் பண்ணையில் அறுவடை வேலை செய்தேன். மலேசியர்களுக்குக் கிடைக்கும் வேலை-விடுமுறை விசாவில் போனவன் நான். அதற்கு முன்பு அதே தீவில் செர்ரி பறித்திருந்தேன். செர்ரி முடிந்தால் திராட்சை, திராட்சை முடிந்தால் ஆப்பிள் என்று பழத்தின் பின்னால் நகர்ந்துகொண்டே இருக்கும் கூட்டம் ஒன்று அங்கே உண்டு. அதில் நானும் ஒருவன்.

பண்ணை என்றதும் பெரிதாக எண்ணிக்கொள்ள வேண்டாம். கணவன், மனைவி, ஒரு தகரக்கொட்டகை, அடிக்கடி படுத்துவிடும் ஒரு டிராக்டர். அறுவடைக்கு மட்டும் எங்களைப் போல ஏழெட்டுப் பேர். முதல் நாள் மழை. பறிக்க முடியாது என்பதால் போன வருஷத்துப் போத்தல்களுக்குத் தாள் ஒட்டச் சொன்னார்கள். முகப்பில் பெரிய எழுத்தில் உரிமையாளரின் பெயர் இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. அது பின்பக்கம், பொடி எழுத்தில் இருந்தது. பினோ நுவார் என்ற திராட்சை வகையின் பெயர்கூடக் கீழேதான். பெரிய எழுத்தில் இருந்தது ஒரு துண்டு நிலத்தின் பெயர். இரண்டு வகைத் தாள்கள் இருந்தன, இரண்டு நிலத்துண்டுகளுக்கும் தனித்தனியாக. நான் அவற்றை மேட்டுத்துண்டு, பள்ளத்துண்டு என்று சொல்லிக்கொள்கிறேன். இரண்டுக்கும் நடுவே 400 மீட்டர் இருந்தாலே அதிகம்.

“ஒரே பழம், ஒரே வருஷம், செய்றதும் நீங்க ரெண்டு பேருதான். அப்புறம் ஏன் ரெண்டு பேரு?” என்று அந்த அம்மாவிடம் கேட்டேன்.

“ரெண்டும் வேற வேற இடம்” என்றார். அவ்வளவுதான் பதில். விளக்கம் சொல்ல வேண்டிய விஷயமாகவே அவருக்கு அது தோன்றவில்லை.

தாஸ்மேனியா தெற்கே சுமார் 42 பாகையில் இருக்கிறது. அதற்கப்பால் கடல், கடலுக்கப்பால் அண்டார்டிகா. வைன் திராட்சை பழுக்கப் போதுமான வெயில் அங்கே கிடைக்கிறது. ஆனால் மிச்சம் வைக்கும் அளவுக்குக் கிடைப்பதில்லை. தலைநகர் ஹோபார்ட்டின் மேற்கே 1,271 மீட்டர் உயரத்தில் ஒரு மலை. மவுண்ட் வெலிங்டன் என்பது வெள்ளைக்காரர் வைத்த பெயர். 2013 முதல் ‘குனானி’ என்ற பழங்குடிப் பெயரும் அதிகாரப்பூர்வமாகச் சேர்ந்தே எழுதப்படுகிறது. மேற்கிலிருந்து வரும் மழையை அந்த மலைகள் பிடித்துவைத்துக்கொள்வதால் கோல் ரிவர் பள்ளத்தாக்கு காய்ந்து கிடக்கும். 1986இல் கட்டிய கிரேக்போர்ன் அணைதான் அங்கே பாசனத்துக்கு வழிசெய்தது.

குளிர் என்ன செய்கிறது என்பதை எனக்கு ஒருவரும் பாடமாக நடத்தவில்லை. வேலையிலேயே தெரிந்தது. சூடான ஊரில் திராட்சையில் சர்க்கரை வேகமாக ஏறும், புளிப்பு வேகமாக இறங்கும். வெயிலில் பழம் தன் புளிப்பைத் தானே எரித்துவிடுகிறது. இரவு குளிர்ந்த ஊரில் அந்தப் புளிப்பு தங்கும். சர்க்கரை மெதுவாக ஏறும். தோலும் விதையும் முதிரவும், மணம் சேரவும் அவகாசம் கிடைக்கும். அந்த அவகாசத்தைத்தான் போத்தலில் அடைத்து விற்கிறார்கள். அதற்குக் கொடுக்கும் விலை பயம். வசந்தத்தில் உறைபனி விழுந்தால் ஒரே இரவில் துளிர் கருகிவிடும். கடைசி நேரத்தில் மழை பெய்தால், நெருக்கமான கொத்தும் மெல்லிய தோலும் கொண்ட பினோ நுவார் அழுகத் தொடங்கும். பழம் தப்பினால் பறவை. வரிசை முழுக்க வலை போர்த்தி வைத்திருப்பார்கள். காலையில் எங்கள் முதல் வேலை, உள்ளே மாட்டிக்கொண்ட சின்னக் குருவிகளை விடுவிப்பது.

இந்த ஊரில் திராட்சை வளருமா என்பதிலேயே ஒரு காலத்தில் பலருக்கு நம்பிக்கை இல்லை. தாஸ்மேனியாவை ‘ஆப்பிள் தீவு’ என்பார்கள். 1950களில் நீர்மின் திட்டத்தில் வேலை செய்ய வந்த ஷான் மிகே என்ற பிரெஞ்சுக்காரர் வடக்கே கொடி நட்டார். 1958இல் கிளாடியோ அல்கோர்சோ ஹோபார்ட்டுக்கு அருகே டெர்வென்ட் ஆற்றங்கரையில் நட்டார். அவர் துணி ஆலை நடத்திய இத்தாலியர். இரண்டாம் உலகப்போரில் எதிரி நாட்டவர் என்று சொல்லி ஆஸ்திரேலியா அவரை முகாமில் அடைத்து வைத்திருந்தது. அப்படி அடைத்துவைத்த நாட்டின் மண்ணிலேயே பின்னால் கொடி நட்டிருக்கிறார். 1973இல் பிரிட்டன் ஐரோப்பியப் பொதுச்சந்தையில் சேர்ந்ததும் தீவின் ஆப்பிளுக்குப் பழைய சந்தை போய்விட்டது. மரங்களைப் பிடுங்க அரசாங்கமே பணம் கொடுத்தது. ஆப்பிள் போன மண்ணில்தான் மெல்ல மெல்லக் கொடி பரவியது.

இதையெல்லாம் அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னேன். அவருக்குக் காதில் விழுந்தது ஒரே ஒரு சொல்தான்.

“சாராயம் காய்ச்சுற எடத்துலயா வேல பாக்குற?”

“சாராயம் இல்லம்மா. வைன்.”

“குடிச்சா போத ஏறுமா ஏறாதா?”

ஏறும் என்றேன். வேறு என்ன சொல்வது? பினோ நுவாரில் ஏறக்குறைய 13 சதவீதம் ஆல்கஹால். கள்ளில் அதைவிடக் குறைவு. அம்மா பிறந்து வளர்ந்தது கோல சிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். தோட்டத்துக்கு ஏதோ ஒரு கம்பெனி வைத்த இங்கிலீசுப் பெயர் இருந்தது. எங்கள் ஆட்களுக்கு அது ஏழாங்கட்டைத் தோட்டம். சாயந்திரமானால் தாத்தாவைக் கள்ளுக்கடையிலிருந்து கூட்டிவர அம்மாவைத்தான் அனுப்புவார்கள். பத்து வயதுப் பெண். வாசலில் நின்று “அப்பா, சாப்பிட வாங்க” என்று கூப்பிட வேண்டும். உள்ளே போகக் கூடாது. உள்ளே இருப்பவர்கள் சிரிப்பார்கள். பின்னால் தாத்தா சம்சுவுக்கு மாறினார். ஐம்பது வயதைத் தாண்டவில்லை. எங்கள் வீட்டில் மது என்பது இதுதான்.

எங்கள் வீட்டில் மட்டுமல்ல. தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை இருந்த காலம் அது. கூலியாகப் போன காசு அங்கே திரும்பி வந்தது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது கூலி உயர்வோடு அவர்கள் வைத்த கோரிக்கைகளில் ஒன்று, கள்ளுக்கடையை மூடு என்பது. ராணுவத்தைக் கொண்டு அந்தப் போராட்டத்தை அடக்கினார்கள். தலைமை தாங்கிய ஆர்.எச். நாதனை இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். இந்த வரலாறு பின்னால் இருக்கும் ஒருவனுக்கு, ‘காட்டுச் செர்ரியின் மணம், ஈர மண்ணின் சாயல்’ என்று முகப்புத்தாளில் எழுதியிருப்பதைப் பார்த்தால் முதலில் வருவது எரிச்சல்தான். எனக்கும் வந்தது.

ஆனால் வேலை வேறொன்றைக் காட்டியது.

விடிந்தும் விடியாமலும் வரிசையில் இறங்குவோம். கையில் சின்னக் கத்தரி, காலடியில் வாளி. கொத்தின் காம்பைத் தேடி வெட்டி, அழுகல் இருந்தால் அதை மட்டும் நறுக்கி எறிந்துவிட்டு வாளியில் இடவேண்டும். பனியில் விரல் மரத்துப்போகும், கத்தரி விரலையும் காம்பையும் ஒன்றாகப் பார்க்கும். எங்கள் குழுவில் திமோர்-லெஸ்தேயிலிருந்து வந்த மூன்று பேர் இருந்தார்கள். அவர்கள் இரண்டு வரிசை முடிக்கும்போது நான் ஒன்றில் பாதியில் இருப்பேன். வாளிக்கு இவ்வளவு என்று மட்டும் கூலி கொடுத்த காலம் அங்கே சமீபத்தில்தான் மாறியது. 2022 ஏப்ரல் 28 முதல், எவ்வளவு பறித்தாலும் மணிக்கணக்குக் குறைந்தபட்சக் கூலியைக் கொடுத்தே ஆகவேண்டும் என்று விதி வந்துவிட்டது. என்னைப் போன்ற மெதுவான கைகளைக் காப்பாற்றியது அந்த விதிதான்.

மறுவாரம் அம்மாவே கூப்பிட்டார். வைனைப் பற்றிப் பேச்சில்லை.

“ஒரு ஆளுக்கு எத்தன நெர?”

சொன்னேன்.

“எட போட்டுக் காசா, நாள் சம்பளமா?”

சொன்னேன்.

“மழ பேஞ்சா?”

“வேல இல்ல.”

“ஹ்ம். இங்கயும் அப்படித்தான் இருந்துச்சு” என்றார்.

பாட்டி பால்மரம் வெட்டியவர். ஒரு நாளைக்கு 500 மரத்துக்கு மேல். இருட்டோடு போகவேண்டும், வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். மங்கு மங்காகப் பாலை ஊற்றி, காண்டாவில் இரண்டு வாளியையும் சுமந்து ஸ்டோருக்குக் கொண்டுவந்தால் கிராணி ஒரு மிதவைக் கோலைப் பாலில் போட்டுப் பார்ப்பாராம். தண்ணீர் கலந்திருக்கிறதா, எத்தனை சதவீதம் ரப்பர் என்பதை அது காட்டிவிடும். அந்தக் கோலின் முன்னால்தான் பாட்டிக்கு நாளெல்லாம் பயம். இங்கே கொட்டகையில் அந்த அம்மா திராட்சைச் சாற்றை உயரமான கண்ணாடிக் குவளையில் ஊற்றி அதே மாதிரி ஒரு மிதவைக் கோலை விட்டார். சர்க்கரை எவ்வளவு, அது எவ்வளவு ஆல்கஹாலாகும் என்று பார்க்க. கோல் ஏறி இறங்கி நிற்கும்வரை அவர் மூச்சுவிடாமல் நின்றதைக் கவனித்தேன். இங்கே பயப்படுவது உரிமையாளர். அந்த வித்தியாசத்தை நான் மறக்க விரும்பவில்லை.

இரண்டு துண்டுகளின் பழமும் தனித்தனித் தொட்டிகளில் நொதித்தன. பழத்தோல் மேலே மிதந்து தடித்த மூடிபோல இறுகும். ஒரு நாளைக்கு மூன்று, நான்கு முறை அதை நீண்ட பலகைக்கோலால் அழுத்திச் சாற்றுக்குள் முக்க வேண்டும். அது என் வேலையானது. நொதிக்கும்போது எழும் கரியமிலவாயு முகத்தில் அறைந்தால் மூச்சு நின்றுவிடும் என்பதால் தொட்டிமேல் குனியக் கூடாது, தனியாளாக உள்ளே போகக் கூடாது. மூன்றாம் நாளே எனக்குக் கண்ணை மூடிக்கொண்டும் தொட்டிகளைப் பிரித்துச் சொல்ல முடிந்தது. மேட்டுத்துண்டுப் பழத்தின் தோல்மூடி பிடிவாதமாக எதிர்த்துத் தள்ளும். பள்ளத்துண்டுப் பழத்தினுடையது இளகிக்கொடுக்கும்.

காரணத்தைக் கேட்டபோது அந்த வீட்டுக்காரர் என்னைக் கூட்டிக்கொண்டு நடந்தார். பள்ளத்தில் கறுப்புக் களிமண். மழையில் பிசுபிசுக்கும், வெயிலில் கைநுழையும் அளவுக்கு வெடிக்கும். தண்ணீரைப் பிடித்துவைக்கும், கொடி செழிக்கும், இலை நிழல் கட்டும், பழம் பெரிதாகும். மேட்டில் டோலரைட் கல்லும் கொஞ்சம் மண்ணும். கொடி கஷ்டப்படும், பழம் சிறுத்துவிடும். சிறுத்த பழத்தில் சாற்றுக்குத் தோல் அதிகம். நிறமும் துவர்ப்பும் தோலில்தான் இருக்கிறது. கல்லின் ருசி வைனில் ஏறுகிறது என்று சொல்வார்களே என்றேன். “கல்லு எங்கயும் ஏறாது. தண்ணி எவ்வளவு, சூடு எவ்வளவு, நிழல் எவ்வளவு. அவ்வளவுதான் இடம்” என்றார். விளம்பரத்தாளைவிட அந்த வாக்கியம் எனக்குப் பிடித்தது.

அறுவடையின் கடைசி வாரத்தில் போன வருஷத்து வைன் இரண்டையும் எதிரெதிரே வைத்தார்கள். சுவைத்துத் துப்பவேண்டும். துப்பினேன். பள்ளத்துண்டு வாய்க்குள் வந்ததும் விரிந்தது. மேட்டுத்துண்டு கொஞ்ச நேரம் ஒன்றும் தராமல் இருந்து, துப்பிய பிறகு நாக்கின் ஓரத்தில் புளிப்பாக நின்றது. ஒரே கையால் செய்த இரண்டு வேறு பொருள்கள். அதில் ஏமாற்று இல்லை. “குடிக்கலம்மா, ருசி பாத்துட்டுத் துப்பிட்டேன்” என்று அம்மாவிடம் சொன்னதற்கு, “துப்புறதுக்கா இவ்வளவு பாடு?” என்றார்.

கள்ளுக்கும் மரம் உண்டு என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. காலைக் கள்ளும் மாலைக் கள்ளும் வேறு. மரத்துக்கு மரம் வேறு. ஏறி இறக்கியவருக்கு அது தெரிந்திருக்கும். கடைக்கு வந்ததும் எல்லாம் ஒரே பீப்பாய். குடித்தவருக்கு மயக்கம் போதும், விற்றவருக்குக் காசு போதும். தாத்தாவைக் கொன்றது ஆல்கஹால்தான், சந்தேகமில்லை. ஆனால் எந்த இடத்தின் ருசியும் தேவைப்படாதபடி அவரை அங்கே உட்காரவைத்தது வேறு.

ரப்பருக்கும் இதுதான் நடந்தது. பாட்டி கொண்டுவந்த பால் ஸ்டோரில் ஊற்றியதுமே மற்றவர்கள் பாலோடு கலந்துவிடும். எந்த மேடு, எந்தப் பள்ளம் என்பதெல்லாம் அந்தத் தொட்டியோடு சரி. 1965இல் மலேசிய ரப்பருக்கு எஸ்.எம்.ஆர் என்ற தரமுறை வந்தது. 5, 10, 20 என்று எண் போட்டார்கள். அந்த எண் எதைக் குறித்தது தெரியுமா? ரப்பரில் இருக்கும் அழுக்கின் அளவை. டயர் கம்பெனிக்கு அது தேவைதான், குற்றமில்லை. ஆனால் ஒரு பள்ளத்தாக்கின் பழம் தன் மண்ணின் பெயரோடு உலகத்துக்குப் போகிறது, எங்கள் ஆட்கள் வெட்டிய பால் தன் அழுக்கின் எண்ணோடு போயிருக்கிறது என்பதை நான் தாள் ஒட்டிக்கொண்டே பலநாள் யோசித்தேன்.

சரி, முகப்புத்தாளில் நிலத்துக்குப் பெயர் உண்டு, கைகளுக்கு? எங்கள் பண்ணைக்குக் கொஞ்ச தூரத்தில் டோல்பட்டில் என்ற புகழ்பெற்ற திராட்சைத் தோட்டம் இருக்கிறது. 1988இல் நட்டது. அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். டோல்பட்டில் இங்கிலாந்தின் டோர்செட் பகுதியில் ஒரு கிராமம். வாரம் ஒன்பது ஷில்லிங்காக இருந்த கூலியைப் பண்ணையார்கள் குறைத்துக்கொண்டே போனார்கள். அதை எதிர்த்துச் சங்கம் சேர்ந்த ஆறு விவசாயக் கூலிகளுக்கு 1834இல் ஏழு வருஷம் நாடு கடத்தல் தண்டனை. ரகசியச் சத்தியம் செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு. அவர்களின் தலைவர் ஜார்ஜ் லவ்லெஸ் தாஸ்மேனியாவுக்கு அனுப்பப்பட்டார். தண்டனையில் ஒரு பகுதியை ரிச்மண்ட் அருகே ஒரு பண்ணையில் கழித்தார். அந்தப் பண்ணையின் ஒரு பகுதிதான் இன்றைய திராட்சைத் தோட்டம். மக்கள் போராட்டத்தால் 1836இல் மன்னிப்பு கிடைத்து அவர் ஊர் திரும்பிவிட்டார்.

கூலிக்காகச் சங்கம் வைத்தவர்களின் கிராமப் பெயர் இன்று விலையுயர்ந்த வைனின் பெயர். இதில் ஒரு கேலி இருக்கிறது. வாளி தூக்கிய எங்களில் ஒருவரும் அதை வாங்கிக் குடிக்க மாட்டோம். ஆனாலும் அந்தப் பெயர் அங்கே இருப்பது இல்லாததைவிட நல்லது என்றே நினைக்கிறேன். யாராவது ஒருவர் போத்தலைத் திருப்பிப் பார்த்து “இது என்ன பேரு?” என்று கேட்பார். கேட்டால் பதில் இருக்கிறது. நாதனின் பெயரில் எங்கள் நாட்டில் எந்தத் தோட்டம் இருக்கிறது?

பெயர் நிலைக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. குளிர் என்ற முதலே இப்போது கரைகிறது. சூடு கூடிக்கொண்டே போவதைக் கணக்கில் வைத்துத்தான் விக்டோரியாவின் பழைய வைன் குடும்பமான பிரவுன் பிரதர்ஸ் 2010இல் தாஸ்மேனியாவில் டேமர் ரிட்ஜ் தோட்டங்களை 3 கோடியே 25 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு வாங்கியது. பெரியவர்கள் தெற்கே நகர முடியும். தாஸ்மேனியாவிலேயே இருக்கும் சின்னவர்களுக்கு அதற்குத் தெற்கே நிலமில்லை. “இந்த மேட்டோட ருசி எங்க பேரப்பிள்ளைங்க காலத்துல இதே மாதிரி இருக்காது” என்று அந்த வீட்டுக்காரர் ஒருநாள் சாதாரணமாகச் சொன்னார். சொல்லிவிட்டு அடுத்த வருஷத்துக்குத் தாள் அச்சடிக்க எத்தனை ஆகும் என்று கணக்குப் பார்க்க உட்கார்ந்தார்.

ஊர் திரும்பியதும் அம்மாவை அழைத்துக்கொண்டு ஏழாங்கட்டைக்குப் போனேன். தோட்டம் இல்லை. தாமான் வீடுகள், ஒரு பெட்ரோல் நிலையம், பாதி கட்டி நின்ற கடைவரிசை. கம்பெனியின் கணக்கில் அந்தக் காடுகளுக்கு நட்ட வருஷமும் எண்ணும் மட்டும்தான் இருந்திருக்கும். அம்மா காரைவிட்டு இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கி விரலால் காட்டினார்.

“அந்த வீடெல்லாம் இருக்கே, அது கோயில்காடு. அங்க பால் நல்லா ஓடும், அதுக்குச் சண்டையே நடக்கும். பெட்ரோல் ஸ்டேசன் இருக்கறது சகதிக்காடு, பாட்டி வழுக்கி விழுந்த எடம். அந்த மேடு தெரியுதா? அது பேயன்மேடு. மரமெல்லாம் கோணலா நிக்கும். யாரும் போவ மாட்டாங்க. பாட்டிக்கு அதத்தான் குடுத்தாங்க.”

எண்ணிப் பார்த்தேன். பதினோரு பெயர்கள் சொன்னார். நான் ஒவ்வொன்றாகக் கைத்தொலைபேசியில் எழுதிக்கொண்டேன்.